சேர் ஹியூவுக்கு எந்த ஊர்?

சந்திரகலாவை மெல்பேர்ணில் ஒரு நாடக அரங்கில் வேலைக்கு எடுத்தது அவளுடைய தையலுக்காக. ஆனால் 1976 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அங்கே அவளுடைய தையலைவிட அவளுடைய இடது முன்கைக்குத்தான் மதிப்புக் கூடுதலாக இருந்தது. இலண்டனிலிருந்து சேர் ஹியூ லாங்டன் தன் குழுவோடு வந்து நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். நாடகத்தில் அவருக்கு இந்திய டொக்டர் வேடம். வெள்ளைக்காரப் பிரபு ஒருவரின் வீட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்து, எல்லாவற்றையும் தலைகீழாக விளங்கிக்கொண்டு, சபையைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிற டொக்டர். அந்த டொக்டரின் முகத்துக்குப் பூச வேண்டிய நிறத்தை ஒப்பனைக்காரி டொரீன் ஒவ்வொரு நாளும் சந்திரகலாவின் கையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் குழைப்பாள்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு சம்பந்தம் தட்டிப்போகக் காரணமாக இருந்த நிறம் அது. இங்கே அதற்கென்று ஒரு டப்பாவும் ஒரு தூரிகையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சந்திரகலாவுக்குச் சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

சேர் ஹியூவின் வரலாறு நிகழ்ச்சிப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. தென் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகன். இருபது வயதில் மேடை ஓரத்தில் ஈட்டி பிடித்து நிற்கும் காவலாளியாகத் தொடங்கி, முப்பது வயதில் ராஜா வேடம் கட்டியவர். யுத்த காலத்துப் படங்களில் கப்பல் கப்டனாகவும் விமானியாகவும் வந்து, ஆங்கிலேயன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பத்திரிகைகளை எழுத வைத்தவர். மகாராணியார் சேர் பட்டம் கொடுத்து எட்டு வருடம். டொக்டர் வேடத்தில் மட்டும் ஆயிரம் தடவைக்கு மேல் மேடையேறிவிட்டார். ‘ஓர் ஆங்கிலேயரால் ஓர் இந்தியரின் தலையாட்டலை இவ்வளவு துல்லியமாக எப்படிப் பிடிக்க முடிந்தது?’ என்று ஒரு விமர்சகர் மூக்கில் விரல் வைத்திருந்ததையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பெரிய மனிதர்களுக்குப் பெரிய கிறுக்குகள் இருக்கும். சேர் ஹியூ ஹோட்டலிலிருந்து வரும்போதே முகத்துக்கும் கழுத்துக்கும் கைகளுக்கும் பூசி, பவுடர் தட்டி, ஆயத்தமாகத்தான் வருவார். அதற்கு மேல்தான் டொரீன் கபில நிறம் பூச வேண்டும். நாடகம் முடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லாவற்றையும் தானே கழுவுவார். கடைசி அங்கத்தில் டொக்டர் வெறுங்காலோடு வருவார். அந்தக் கால்களுக்கு யாரும் பூசக் கூடாது, அதையும் அவரே பார்த்துக்கொள்வார். சந்திரகலாவின் வேலை அவருக்குக் கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, மேடை ஓரத்தில் மாற்று உடுப்போடு நிற்பது.

அவளோடு அவர் நல்ல மாதிரி. சிலோன் என்று சொன்னபோது, “அங்கே தேயிலை நன்றாக இருக்குமாமே,” என்று ஆங்கிலத்தில் கேட்டதோடு சரி. ஆனால் அவளுடைய தம்பியின் கதையை அக்கறையாகக் கேட்டார். தம்பி யோகேஸ்வரனுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல புள்ளிகள் எடுத்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் வேலணையில் வீட்டுக்கும் வாசிகசாலைக்கும் இடையில் நடந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனை அவுஸ்திரேலியாவுக்கு எடுக்க அவள் போட்ட விண்ணப்பம் ஒரு தடவை தள்ளுபடியாகிவிட்டது. மறு விண்ணப்பத்துக்கு மாதக் கடைசிதான் முடிவு நாள். பெயர் பெற்ற ஒருவர் ஒரு கடிதம் தந்தால் உதவும் என்று குடிவரவு அலுவலகத்தில் ஓர் அதிகாரி காதோடு காதாகச் சொல்லியிருந்தார். சந்திரகலாவுக்குத் தெரிந்த பெயர் பெற்ற மனிதர் ஒரே ஒருவர்தான். வெட்கத்தை விட்டுக் கேட்டாள். “அதற்கென்ன, சனிக்கிழமை கடைசி நாடகத்தன்று தருகிறேன்,” என்றார் சேர் ஹியூ. அன்று கிளேட்டனில் இருந்த வீட்டுக்கு ரயிலில் போகும்போது தம்பியை விமான நிலையத்தில் கூப்பிடப் போக எந்தச் சேலை கட்டுவது என்றுகூட அவள் யோசித்துவிட்டாள்.

புதன்கிழமைப் பகல் காட்சிக்கு முன்புதான் அது நடந்தது.

ஸ்திரி போட்ட கோட்டோடு அவள் ஒப்பனை அறைக்குள் போனாள். கதவு சாத்தியிருக்கவில்லை. சேர் ஹியூ சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, நின்றபடியே வசனப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். புத்தகம் கை தவறி விழுந்தது. அதை எடுக்கத் திரும்பியவரின் வலது கால் அதன்மேல் பட்டுவிட்டது. உடனே குனிந்தார். விரல் நுனியால் புத்தகத்தைத் தொட்டார். தொட்ட விரலை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கண்ணாடியைப் பார்த்தார். என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

சந்திரகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிப்பு என்றால் சரஸ்வதி, சரஸ்வதியில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும் என்று நாலு வயதில் அடித்துப் பழக்கினால் ஒழிய எந்த உடம்பும் அப்படித் தானாகக் குனியாது. பாதிரியாரின் மகனுக்கு அதை யார் பழக்கினார்கள்? அவளுடைய பார்வை அவருடைய கால்களுக்குப் போனது. அவற்றுக்கு இன்னும் எதுவும் பூசவில்லை. பூசாமலே அவை மாநிறமாக இருந்தன. டொரீன் இன்னும் கபில நிறம் பூசாத வெள்ளை முகத்துக்கும் அந்தக் கால்களுக்கும் இடையில் ஒரு கடல் தூரம் இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். பொங்கிக்கொண்டு வந்தது சந்தோஷம். மூன்று வருடமாக டிராமிலும் கடைத்தெருவிலும் வேற்று முகங்களையே பார்த்துச் சலித்தவள், நம்முடைய ஆள் ஒருவரைக் கண்டால் யாழ்ப்பாணத்தார் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

“ஐயா, நீங்கள் எந்த ஊர்?”

சேர் ஹியூ அப்படியே உறைந்துபோனார். கண்ணாடியில் அவருடைய கண்கள் மட்டும் அவளைத் தேடிப் பிடித்தன. “மன்னிக்க வேண்டும், என்ன சொன்னாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரல் அதே பிரபுவின் குரல்தான், ஆனால் கை அவசரமாகக் காலுறையைத் தேடியது. “ஒன்றுமில்லை, சேர்,” என்று கோட்டை வைத்துவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போனால், டொரீன் அவளுடைய முகத்தைப் பாராமல், “இனி நீ கீழே சலவை அறையில் நின்றால் போதும்,” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு முதலில் மழுப்பினாள். பிறகு, “உன்மேல் கறி வாசம் வருகிறதாம். அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்,” என்றாள்.

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரி மூக்கைச் சுளித்தால் அவளுக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். ஆனால் சரஸ்வதியைக் கண்ணில் ஒற்றியவர் அந்தச் சொல்லைச் சொன்னது அவளுடைய நெஞ்சில் குத்தியது. சலவை அறையின் நீராவிக்குள் நின்று வெட்கமில்லாமல் அழுதாள்.

வீட்டில் கணவன் விக்னராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாப்பிட்ட கையைக் கழுவவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“உமக்கென்ன விசரே? மகாராணி பட்டம் குடுத்த மனிசனிட்டைப் போய் எந்த ஊர் எண்டு கேட்டனீரோ?”

“வேறை என்னத்தைக் கேக்கிறது? எங்கடை ஆளைக் கண்டால் முதல் அதைத்தானே கேப்பம்.”

“நீர் குசலம் விசாரிச்சீர். அந்த மனிசனுக்கு அது கழுத்திலை கத்தி வைச்ச மாதிரி இருந்திருக்கும். இனிக் கடிதமும் இல்லை, ஒண்டும் இல்லை. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.”

அவன் சொன்னது சரி. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு கேள்விக்குத் தம்பியின் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை இரண்டு காட்சி, பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. பகல் காட்சிக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது, சேர் ஹியூ அவளைக் கூப்பிடுவதாக டொரீன் வந்து சொன்னாள். போனாள். டொரீன் முகத்துக்குப் பூசி முடித்துவிட்டுப் போயிருந்தாள். டொக்டராக உட்கார்ந்திருந்தவர் எழுந்து கதவைப் பூட்டினார். மேசையில் ஒரு கடிதம், அழகாகத் தட்டச்சுச் செய்தபடி. அடியில் ஒப்பமிடும் இடம் வெறுமையாக இருந்தது.

“உன் கடிதம் இதோ,” என்றார் ஆங்கிலத்தில். “வேறு என்ன வேண்டும்? யாரிடம் சொன்னாய்? எந்தப் பத்திரிகை?”

சந்திரகலா திகைத்துப்போனாள். மூன்று நாளாக இந்த மனிதர் தன்னை ஒரு மிரட்டல்காரியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம் வராது.

“நான் ஒண்டும் கேக்கேல்லை, ஐயா. ஊரைத்தான் கேட்டனான். நான் வேலணை. நீங்களும் எங்கடை பக்கமோ எண்டு ஒரு சந்தோசத்திலை கேட்டிட்டன். அதுக்குப்போய்க் கறி மணக்குது எண்டு சொல்லிப்போட்டியளே. உங்கடை அம்மா கறி காச்சேல்லையோ?”

சேர் ஹியூ கதிரையில் உட்கார்ந்தார். பிறகு வாயைத் திறந்தபோது வந்த குரல் வேறு. கப்டனும் இல்லை, பிரபுவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வந்தது.

“வேலணையோ? நானும்... நானும் வேலணைதான், பிள்ளை.”

நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் தமிழ் அது. அவருடைய பெயர் வரதராஜா. ஊர்காவற்றுறையில் கப்பலில் எடுபிடியாக ஏறியபோது வயது பத்தொன்பது. இலண்டனில் இறங்கினார். ஒரு நாடகக் கொட்டகையில் கூட்டிப் பெருக்கினார். வெளிறிய நிறம் உதவியது, பவுடர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. முதலில் ஒரு சின்னப் பொய், பிறகு அதைக் காக்க ஒரு பெயர், ஒரு பாதிரியார், ஒரு ஊர். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

“எனக்கு ஒரு அண்ணை இருந்தவர். கேதீஸ்வரன். தபால்காரர். தெரியுமோ? இருக்கிறாரோ?”

சந்திரகலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். தெரியும். வேலணையில் அந்த மனிதரைத் தெரியாத பிள்ளை இல்லை. ஊரில் அவருக்குப் பெயர் போஸ்டர்க் கேதீசர். யாழ்ப்பாணப் பட்டணத்தில் இங்கிலிஸ் படம் ஓடிய தியேட்டர் வாசலில் வெள்ளைக்காரக் கப்டனின் படத்துக்குக் கீழே நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் மறித்து, “இது என்ரை தம்பி,” என்று சொல்லிக்கொண்டிருந்த பைத்தியக்காரர். தபால் வேலை போய்விட்டது. பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு ஓடுவார்கள். பத்து வயதில் அவளும் ஓடியிருக்கிறாள்.

பொய் சொல்லியிருக்கலாம். நல்லாக இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் பேனை மேசையில் இருந்தது, ஒப்பம் கையில் இருந்தது. பொய் வரவில்லை.

“செத்திட்டார், ஐயா. பதினைஞ்சு வருசம் இருக்கும். நீங்கள் அவரின்ரை தம்பி எண்டு ஊரெல்லாம் சொன்னவர். நாங்கள் ஒருத்தரும் நம்பேல்லை. விசர் எண்டு சொல்லிச் சிரிச்சனாங்கள். நானும் சிரிச்சனான்.”

அவர் முகத்தைத் துவாயில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகைக்கு நடுவே கொழும்பைப் பற்றிச் சொன்னார். ஐம்பத்து மூன்றில் அவருடைய குழு கொழும்புக்கு நாடகம் போட வந்திருந்தது. ஹோட்டல் வாசலில் ஒருவர் வந்து நின்று, தம்பியைப் பார்க்க வேண்டும் என்றாராம். அப்படி யாரையும் தெரியாது என்று சொல்லி அனுப்பினாராம். இரண்டு நாள் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுவிட்டுத்தான் அந்த மனிதர் போனார்.

“எப்பிடி நடப்பார், பிள்ளை? கடைசிக் காலத்திலை எப்பிடி நடந்தவர்?”

சந்திரகலா நடந்து காட்டினாள். இடது கையால் வேட்டித் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு தோளை உயர்த்தி, மூன்றடி நடப்பார். நிற்பார். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி, நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பின்னால் பார்ப்பார். மறுபடி மூன்றடி. “போஸ்டர், தம்பி வாறார்!” என்று பிள்ளைகள் கத்தினால் ஒவ்வொரு தடவையும் திரும்புவார். ஒரு தடவைகூடத் திரும்பாமல் விட்டதில்லை.

“அண்டைக்கும் அப்பிடித்தான் போனவர்,” என்றார் சேர் ஹியூ. “நான் மேலை ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். மூண்டடி போவார், திரும்பிப் பாப்பார். நான் கூப்பிடேல்லை.”

கேதீசர் அந்த நடையைக் கொழும்பிலிருந்துதான் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பிரிவைத்தான் ஊர் முழுக்கக் கூடி நின்று கைதட்டிச் சிரித்திருக்கிறது. அவர் அவளை மறுபடி நடக்கச் சொன்னார். தோள் எவ்வளவு உயரம், எந்தக் கால் முதலில், கை நெற்றியில் எத்தனை நேரம் நின்றது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தம்பியின் துக்கம் என்று நினைத்து அவளும் அழுதழுது காட்டினாள். ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடம் என்ற அறிவிப்பு வந்தது. “ஒப்பம் நாடகம் முடிய வைக்கிறன்,” என்று எழுந்து கதவைத் திறந்தார். டொரீன் ஓடி வந்து, கண்ணீரில் கரைந்திருந்த கன்னங்களுக்கு அவசரமாகப் பூசினாள். அதற்கும் சந்திரகலாவின் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள்.

சந்திரகலா பழையபடி மாற்றுக் கோட்டோடு மேடை ஓரத்தில் நின்றாள். இந்த மனிதர் இன்று எப்படி நடிக்கப் போகிறார் என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. வசனம் மறந்துவிடுமோ, நடுவில் உடைந்து அழுதுவிடுவாரோ?

டொக்டர் உள்ளே வந்தார். இடது கையால் கோட்டின் நுனியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு தோள் உயர்ந்திருந்தது. மூன்றடி நடந்தார். நின்றார். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி, நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பின்னால் பார்த்தார்.

சபை கொல்லென்று சிரித்தது.

சந்திரகலாவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கன்னத்தில் பூசியது இன்னும் காய்ந்திருக்காது! மறுபடி மூன்றடி. மறுபடி திரும்பினார். சிரிப்பு இரண்டு மடங்கானது. கூட நடித்தவர்களே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அச்சொட்டாகக் கேதீசர். தோளின் உயரம், கை நின்ற நேரம், கண்ணில் இருந்த அந்த எதிர்பார்ப்புக்கூட அவருடையதேதான். மூன்றாம் தடவை திரும்பியபோது தனக்கு மிக அருகில் யாரோ சிரிப்பது அவளுக்குக் கேட்டது. யார் என்று பார்த்தாள். அவள்தான். அவளுடைய வாய்தான் சிரித்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த மாற்றுக் கோட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னை நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

முதல் அங்கம் முடிந்து அவர் ஓரத்துக்கு வந்தார். வேர்த்து ஒழுகியது. கண்கள் பளபளத்தன. அவள் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

“சரியா வந்துதோ, பிள்ளை? அண்ணை இப்பிடித்தானோ?”

அதில் கேலி இல்லை. துக்கமும் இல்லை. வேலை சரியாக வந்ததா என்று அறிய ஆசைப்படும் ஒரு நடிகனின் ஆவல் மட்டும்தான் இருந்தது. கன்னத்தில் அறைய வேண்டும் போல அவளுக்கு இருந்தது. இல்லை, அவர் அப்படி நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. சொன்னால் அது பொய்.

“ஓம், ஐயா. அவர்தான்.”

பகல் காட்சி முடிந்ததும் அவர் கடிதத்தில் ஒப்பமிட்டார். பெரிய, வளைவு வளைவான, நாற்பது வருடம் பழகிய ஒப்பம். ஹியூ லாங்டன். மை காயும்வரை ஊதிவிட்டு, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். தமிழில் வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மாலைக் காட்சிக்கும் ஆள் வேண்டும் என்று டொரீன் மறித்துவிட்டாள். கோட்டு மாட்டினாள், தலைப்பாகை கட்டினாள், மறுபடி அதே ஓரத்தில் வந்து நின்றாள். மாலையில் அவர் அந்தத் திரும்பலை இன்னும் இரண்டு இடத்தில் கூட்டிச் சேர்த்திருந்தார். முடிவில் சபை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. சந்திரகலா தட்டவில்லை. கடிதம் கசங்காமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பிக்கு அது வேண்டும்.